தலை பார்சல் கிடையாது

தெக்கத்தி மெஸ்ஸுங்களா? தெரியுங்க. எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? உங்க போன எட்டிப் பாக்கறேன்னு நெனைச்சுக்காதீங்க, பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு தன்னால போகுது. நாலு புள்ளி ஏழு நட்சத்திரம் காட்டுதுங்களா? அப்படியே கீழ தள்ளிட்டுப் போங்க. இன்னுங் கீழ. அங்க ரெண்டே ரெண்டு நட்சத்திரத்தோட ஒண்ணு நிக்கும் பாருங்க, 'குழம்பு நன்று. தலை விஷயத்தில் பாரபட்சம்.' சென்னியப்பன்னு பேரு இருக்குதுங்களா? நான்தானுங்க அந்த சென்னியப்பன்.

சிரிக்காதீங்க. அதுக்கு அந்த மெஸ்காரர் போட்டிருக்கற பதிலையும் படிங்க. 'அண்ணாச்சி, நாளைக்கு நெத்திலி உண்டு. வாங்க.' பாத்தீங்களா? மனுசன் மனசு நொந்து எழுதியிருக்கறான், இவரு நெத்திலிங்கறாரு. நானும் அடுத்த நாளு போனனுங்க. போகாம என்ன பண்றது, குழம்பு அப்படி.

இப்பத்தான் அவிநாசி தாண்டுது. திருப்பூர் போய்ச் சேர இன்னும் அரை மணி நேரம் ஆகும், அதுக்குள்ள சொல்லிப்போடறேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, தப்பு யாரு மேலன்னு.

மொதல்ல என்னையப் பத்திச் சொல்லிப்போடறேன். பனியன் கம்பெனியில செக்கிங் சூப்பர்வைசருங்க நான். தச்ச துணி மேசைக்கு வரும். திருப்பிப் பாத்து, தையல் விட்டிருக்குதா, கறை பட்டிருக்குதான்னு பாத்து, சரியில்லாதத ஓரங்கட்டோணும். இருபத்தெட்டு வருசமா அதே வேலை. ஆனா வேலைய வேலையோட விட்டுருவனுங்க. வெளிய வந்தா ஒருத்தர ஒரு குத்தஞ் சொல்ல மாட்டேன். இந்த பஸ்ஸே இருக்குது, டிரைவர் பிரேக்க லேட்டாத்தான் மிதிக்கறான், இந்த ஜன்னல் ரப்பர் பிஞ்சு தொங்குது, உங்க சட்டையில மூணாவது பட்டன மட்டும் வேற நூல்ல தச்சிருக்குது. எதாச்சும் சொன்னனா? அதுதானுங்க நான்.

அந்த மெஸ் எங்க கம்பெனிக்கு ரெண்டு சந்து தள்ளி இருக்குது. ஆறு மேசை, அவ்வளவுதான். நாகர்கோயில் பக்கத்துக்காரங்க நடத்தறாங்க. புருசன் பேரு தாசையன், அவருதான் எலை போட்டுப் பரிமாறுவாரு. சம்சாரம் லில்லிபாய், அந்தம்மா சமையக்கட்டு. வெளியவே வராது. ஒரு சின்ன ஜன்னல் இருக்குது, அது வழியா கையி மட்டும் வரும், கிண்ணம் வரும். செவத்த குண்டு அரிசிச் சோறு, மரச்சீனின்னு அவங்க சொல்ற மரவள்ளிக் கெழங்கு மசியல், தேங்கா அரைச்சு ஊத்தின மீன் குழம்பு. கொளச்சல்ல புடிச்ச மீனு ராத்திரி பஸ்ஸுல ஐஸ் பெட்டியில ஏறி, வெடியறதுக்குள்ள எங்க சந்துக்கு வந்துரும். தெனமும் ஒரே ஒரு பெரிய மீனு. பாறை மீனுன்னு வைங்க, ஒரு நாளைக்கு நெய்மீனு. ஒரு மீனுக்கு எத்தனை தலை? ஒண்ணுதானே? அங்கதான் வந்துச்சு வம்பு.

தலை போர்டுல கெடையாது. கேட்டு வாங்கற பொருளும் கெடையாது, அதுக்கு எச்சாக் காசும் கெடையாது. மதியம் ஒண்ணரை மணியாட்ட ஜன்னல் வழியா ஒரு அகலத் தட்டு வரும். அதுல தலை, குழம்புல முங்கி ஆவி பறந்துட்டு இருக்கும். உள்ளிருந்து அந்தம்மா ஒரு பேரு சொல்லும். தாசையன் கொண்டுபோய் அந்த எலைக்கு முன்னால வைப்பாரு. அவ்வளவுதான். மெஸ்ஸே திரும்பிப் பாக்கும். வச்சவனுக்கு அன்னைக்கு மாலை மரியாதை பண்ணின மாதிரி.

நான் மொதல்தடவை பாத்தப்ப அது மாரப்பனுக்குப் போச்சு. மாரப்பன் லாரிப் பட்டறையில வெல்டிங் பண்றவரு. சரி, பழைய ஆளு, போகட்டும்னு விட்டேன். அடுத்த நாளு ஒரு காலேஜ் புள்ள, இத்துனூண்டு இருக்கும், அதுக்குப் போச்சு. சரி, பொட்டப்புள்ள, போகட்டும். அதுக்கடுத்த வாரம் ஒரு மருந்துக் கம்பெனிப் பையன், டை கட்டிக்கிட்டு, ரெண்டாவது நாளுதான் வர்றான், அவனுக்குப் போச்சு! ரெண்டாவது நாளுங்க! நான் அப்ப ஒண்ணரை மாசமா, ஞாயித்துக்கெழமை மெஸ் லீவு போக, ஒரு நாளு விடாமப் போய்ட்டிருக்கறேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்? வயிறு எரிஞ்சு போச்சு. அன்னைக்குக் குழம்ப ரெண்டே தடவைதான் வாங்கினேன்.

மொதல்ல, சீக்கிரம் வர்றவங்களுக்குத்தான்னு நெனைச்சேன். பன்னெண்டு மணிக்கே போய் உக்காந்தேன், சோறே வேகலைங்க. அப்பறம், கடைசியா வர்றவங்களுக்குன்னு நெனைச்சு மூணு மணிக்குப் போனேன். மோரும் ஊறுகாயுந்தான் இருந்துச்சு. அப்பறம் ஜன்னலுக்கு நேரா உக்காந்தாத்தான் அந்தம்மா கண்ணுல படும்னு கணக்குப் போட்டு அந்த எடத்துக்கு அடிச்சுப் புடிச்சேன். அடுப்புச் சூட்டுல வேர்த்து ஊத்துனதுதான் மிச்சம்.

ஒரு நாளு அவங்க ஊர்ப் பேச்சுப் பேசிப் பாத்தேன். வேண்டாம், அதச் சொல்ல மாட்டேன். சரி சொல்றேன், சிரிக்கக் கூடாது. எலை முன்னால உக்காந்து, தொண்டையக் கனைச்சுட்டு, ஜன்னலப் பாத்து, "என்னவே தாசையன், சொகமா இருக்கீராவே"ன்னு சத்தமாக் கேட்டனுங்க. தாசையன் சாம்பார் வாளியக் கீழ வச்சுட்டு என் நெத்தியத் தொட்டுப் பாத்தாரு. "அண்ணாச்சி, மேலுக்கு முடியலியா?"ன்னாரு. உள்ளாற அந்தம்மா சிரிக்கற சத்தம் கேட்டுச்சு. தலை அன்னைக்கும் மாரப்பனுக்குத்தான்.

இத்தனைக்கும் அவங்களுக்கு நான் எவ்வளவு ஒத்தாசை பண்ணியிருக்கறேன் தெரியுங்களா? தெனமும் சாப்புட்டு எந்திரிக்கறப்ப ஒரு வார்த்தை சொல்லாமப் போக மாட்டேன். "தாசையன், இன்னைக்கு முருங்கக்காயில ஒண்ணு முத்தலு." "தாசையன், மூணாவது எலையில ஓரத்துல கிழிசல்." "தாசையன், அப்பளம் போன வாரத்த விடச் சின்னதாயிருச்சு." இப்படி யாருங்க அக்கறையாச் சொல்லுவாங்க? அவரும் "செரி அண்ணாச்சி, செரி அண்ணாச்சி"ன்னு கேட்டுக்குவாரு. அப்படி இருந்தும் தலை இல்லை.

மீன நான் எப்படிச் சாப்புடுவேன்னு கேக்கறீங்களா? நீங்க கேக்கலை, ஆனாலும் சொல்லிப்போடறேன். எனக்கு முள்ளுன்னா பயமுங்க. ஏழு வயசுல ஒறம்பரை, சொந்தக்காரங்க வூட்டுல ஒரு முள்ளு தொண்டையில குத்தி, எங்கய்யன் சைக்கிள்ல வச்சு தாராபுரம் ஆஸ்பத்திரிக்கு மிதிச்சாரு. போற வழியெல்லாம் "செத்துருவனா, செத்துருவனா"ன்னு கேட்டுட்டே போனனாம். அதுல இருந்து எனக்குக் குழம்புதான் உசுரு, மீனு ஆகாது. மேலாப்புல நடுச்சதைய மட்டும் ரெண்டு விரலாலக் கிள்ளி எடுத்துக்குவேன். மிச்சத்த எலைய மடிச்சு மூடிப்போடுவேன். யாருக்குத் தெரியப் போகுது?

இந்த முள்ளு சமாச்சாரம் நேத்து வரைக்கும் எங்கூட்டுலயே தெரியாதுங்க. எங்கூட்டுக்காரி பேரு சாரதாமணி. அவளுக்குப் பொறந்த ஊரு அமராவதி டேமுக்குப் பக்கம். அவங்க வூட்டுல மீனு தண்ணி பட்டபாடு. கண்ணாலம் முடிஞ்சு மொத விருந்துக்குப் போனப்ப, என்ற மாமியா பெரிய கட்லா மீனு தலைய எடுத்து, புது மாப்ளைன்னு என்ற எலையில வச்சுட்டாங்க. எல்லாரும் சுத்தி நின்னு பாக்கறாங்க. அந்தத் தலை என்னையப் பாக்குது. ஒரு ஆம்பள, புது மாப்ள, 'முள்ளுக்குப் பயமுங்க'ன்னு சொல்ல முடியுங்களா? "எனக்கு மீனு வாசமே ஆகாதுங்க, குமட்டும்"னு சொல்லிப்போட்டேன். அந்த ஒரு வார்த்தைதான். எங்கூட்டுக்குள்ள அன்னையில இருந்து மீனு வந்ததே கெடையாது. இருபத்தாறு வருசம். நானும் அப்படியே விட்டுட்டேன், தோதாப் போச்சுன்னு. மெஸ்ஸுக்குப் போறதையும் சொல்லலை. கேண்டீன்ல சாப்புடறேன்னு சொல்லிக்குவேன். கைக்கு எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவிட்டுத்தான் கெளம்புவேன். அதுலெல்லாம் நான் நொம்ப சுத்தமுங்க.

சரி, தலைக்கு வர்றேன். போன மாசக் கடைசியில உடுமலையில ஒரு காதுகுத்து. அங்க என்ற மச்சான் கிட்டுச்சாமி, சாரதாமணிக்கு அண்ணன், தேங்கா யாவாரி, நடுக்கூடத்துல சேரப் போட்டு உக்காந்துட்டு அளந்துவிட்டுட்டு இருந்தாரு. உடுமலையில அவரு போற ஓட்டல்ல அவரு மேசையில ஒரு குஞ்சு உக்கார முடியாதாம். அவரு தலையக் கண்டா மொதலாளியே கல்லாவ விட்டு எந்திரிச்சு வருவாராம். அத்தோட விட்டாருங்களா? என்னையத் திரும்பிப் பாத்து, "நம்ம மாப்ளைக்கு எங்க போனாலும் கடைசிப் பந்திதான்"னுட்டாரு. கூடமே சிரிச்சுச்சு. சாரதாமணி மட்டும் சிரிக்கலை.

எனக்கு சுருக்குன்னு வந்துருச்சுங்க. "மச்சான், திருப்பூர்ல எனக்குன்னு ஒரு மெஸ் இருக்குது. அங்க எனக்குன்னு தனியா எடுத்து வச்சுத்தான் மத்தவங்களுக்குப் போடுவாங்க"ன்னு சொல்லிப்போட்டேன். என்ன எடுத்து வைப்பாங்கன்னு சொல்லலை. அவரு விடுவாருங்களா? "அப்படியா மாப்ள? பதினேழாந் தேதி வியாழக்கெழமை திருப்பூர் வர்றேன். நம்ம மெஸ்ஸையும் பாத்துப்போடலாம்"னாரு. அதோட என்ற தூக்கம் போச்சு.

பதினேழாந் தேதிங்கறது நேத்துத்தானுங்க. முந்தா நாளு, புதன்கெழமை, வேற வழியில்லாம மெஸ்ஸுக்குப் பின்பக்கமாப் போய், சமையக்கட்டு வாசல்ல நின்னேன். மொதல்தடவையா அந்தம்மா மொகத்தப் பாக்கறேன். கீழ உக்காந்து தேங்கா திருவிட்டு இருந்துச்சு. "அம்மா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் தலைய எனக்கு வைங்க. என்ற மானம் போயிரும்"னு எல்லாத்தையும் கொட்டிட்டேன். மச்சானு, காதுகுத்து, கடைசிப் பந்தி, எல்லாம்.

அந்தம்மா பொறுமையாக் கேட்டுச்சு. கேட்டுட்டு, "அண்ணே, எனக்கு ஆளு மொகம் தெரியாது. எலைதான் தெரியும். எச்சில் எலை எல்லாம் இந்தக் கூடைக்குத்தான் வரும். ஒவ்வொண்ணா நான் பிரிச்சுப் பாப்பேன், எந்த எலை யாரு எலைன்னு எங்க வீட்டு அவியகிட்ட கேட்டுக்கிடுவேன். முள்ள எவன் சுத்தமா வச்சிருக்கானோ அவனுக்கு அடுத்த நாளு தலை. ஒங்க எலையவும் தெனமும் பாக்கேன். பாதி மீன உள்ள வச்சு, பொணத்தப் பொதிஞ்ச மாதிரி பொதிஞ்சு வச்சிருக்கிய. நீங்க தலைய என்ன செய்வீய?"ன்னுச்சு.

பாருங்க அநியாயத்த! நான் ஒரு செக்கிங் சூப்பர்வைசரு. என்ற எலைய மூணு மாசமா ஒரு பொம்பள செக்கிங் பண்ணி ரிஜெக்ட் பண்ணிட்டு இருந்திருக்குது. மடிச்ச எலையப் பிரிச்சுப் பாக்கறது நாயமுங்களா? மடிச்சதுக்கப்பறம் அது தனிப்பட்ட சமாச்சாரமில்லீங்களா? அப்படித்தான் கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா காரியம் ஆகோணுமே. வேற வழியில்லாம முள்ளுக்குப் பயம்னு சொல்லிப்போட்டேன். பொறந்ததுல இருந்து எங்கய்யனுக்கும் அந்த டாக்டருக்கும் அப்பறம் நான் அதச் சொன்னது அந்தம்மாகிட்டத்தான்.

அந்தம்மா சிரிக்கலைங்க. "ச்சே, இதுக்கா இந்தப் பாடு"ன்னுச்சு. "சரி, இந்த ஒரு தடவை ஒங்க மொகத்துக்காக வைக்கேன். ஆனா எலைய நான் பிரிச்சுப் பாப்பேன்."

நேத்து மச்சான் வந்தாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல துண்டு. சந்து முக்குத் திரும்பறப்பவே மூக்க உறிஞ்சினாரு. "மாப்ள, இது மீன் மெஸ்ஸாட்ட இருக்குது? உங்களுக்கு மீனு வாசமே ஆகாதே?"ன்னாரு. எனக்குப் பகீருன்னுச்சு. தலை தலைன்னு அலைஞ்சதுல இத மறந்தே போனனுங்க. "டாக்டர் சாப்புடச் சொன்னாரு மச்சான்"னேன். "எந்த டாக்டர்?" "கண்ணு டாக்டர்." அவரு ஒரு மாதிரியாப் பாத்தாரு.

உக்காந்தோம். எலை வந்துச்சு, சோறு வந்துச்சு. ஒண்ணரை மணிக்கு ஜன்னல்ல தட்டு வந்துச்சு. உள்ளிருந்து, "சென்னியப்பன் அண்ணனுக்கு!" அடேங்கப்பா, என்ற பேரு! மெஸ்ஸே திரும்பிப் பாத்துச்சு. மாரப்பன் சோத்த வாயில வச்சுட்டு அப்படியே நின்னுட்டாரு. அந்த காலேஜ் புள்ள கை தட்டுச்சு. மச்சான் மொகத்தப் பாக்கோணுமே! அந்த நிமிசம் செத்தாக்கூடப் பரவாயில்லைன்னு இருந்துச்சு.

அப்பறந்தான் தலையப் பாத்தேன். சாதாரணத் தலையில்லீங்க, தேங்கா கணக்கா இருக்குது. வாயத் தொறந்து பல்லக் காட்டிட்டு, ஒரு கண்ணால என்னைய மொறைக்குது. எங்க ஆரம்பிக்கறது? எது கதவு, எது ஜன்னல்னே தெரியலை. மச்சான் பாக்கறாரு. ஜன்னல் வழியா அந்தம்மா பாக்குது. சாமியக் கும்புட்டுட்டு ஒரு எடத்துல விரல உட்டேன். "அங்க இல்லண்ணா, எடது பக்கம்! எடது! இன்னும் எடது!"ன்னு மாரப்பன் எந்திரிச்சு நின்னு லாரிக்கு ரிவர்ஸ் சொல்ற மாதிரி கையக் காட்டறாரு. அவரு பேச்சக் கேட்டு எடது பக்கம் புடுங்கி வாயில வச்சேன்.

வச்சதும் குத்திருச்சு. அதே எடம், ஏழு வயசுல குத்தின அதே எடம்! கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, "செத்துருவனா"ன்னு மச்சானக் கேட்டனுங்க, வெக்கத்த விட்டு. தாசையன் வெறுஞ் சோத்த உருண்டை புடிச்சு "மெல்லாம முழுங்கும்!"னு வாயில திணிக்கறாரு. மச்சான் முதுகுல குத்தறாரு. காலேஜ் புள்ள வாழைப்பழம் உரிச்சு நீட்டுது. ஆறாவது உருண்டையில எறங்கிருச்சு. தலை அப்படியே கெடக்குது, சிரிச்சுட்டு.

மச்சான் இப்ப சிரிப்பாரு, ஊரெல்லாம் சொல்லுவாருன்னு தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தேன். அவரு சிரிக்கலை. தலை இருந்த தட்ட மெதுவாத் தன் பக்கம் இழுத்துக்கிட்டாரு. "மாப்ள, வாசம் ஆகாதுன்னது பொய்யி. முள்ளுக்குப் பயம். அதுதானே?"ன்னாரு. ஆமான்னு தலையாட்டினேன். "அடக் கெரகமே"ன்னுட்டு தலைய ரெண்டாப் பொளந்தாரு. அவரு தின்னதப் பாக்கோணும் நீங்க. கன்னத்துச் சதை, கண்ணுக் குழி, செவுளுக்குப் பின்னால, ஒரு எடம் விடலை. தின்னுட்டே சாதாரணமாத்தான் சொன்னாரு, என்னையக் குத்திக் காட்டறதுக்குச் சொல்லலை. "எங்கூட்டுல தலை எனக்குக் கெடையாது மாப்ள. நான் மூத்தவன், ஆம்பளப் பையன், ஆனாலும் தலை சாரதாவுக்குத்தான். எங்கய்யன் அது திங்கறதப் பாக்கறதுக்குன்னே தன் எலைய விட்டு எந்திரிக்க மாட்டாரு. உங்க மொத விருந்துக்கு வச்சாங்களே, அது கூட அதோட தலைதான். அதுவேதான் 'அவருக்கு வைங்கம்மா'ன்னு எடுத்துக் குடுத்துச்சு. அன்னைக்கு அத நாய்க்குப் போட்டோம். இப்பத்தான் நெனைச்சுப் பாக்கறேன், அது தலை தின்னு இருபத்தாறு வருசமாச்சு."

மோர அப்படியே வச்சுட்டேனுங்க.

நான் மூணு மாசமா எனக்குத் தலை வரலை, எனக்குத் தலை வரலைன்னு கம்பெனிக்காரன், டீக்கடைக்காரன், போன்ல முன்னப்பின்ன தெரியாத ஐந்நூறு பேருன்னு அத்தனை பேருகிட்டயும் பொலம்பியிருக்கறேன். அவ இருபத்தாறு வருசத்துல ஒரு நாளு ஒரு வார்த்தை கேக்கலையேங்க. ஒரே ஒரு வார்த்தை!

நேரா ஜன்னலுக்குப் போனேன். "அம்மா, நாளைக்குத் தலைய எங்கூட்டுக்காரிக்குப் பார்சல் கட்டிக் குடுங்க"ன்னேன். "தலை பார்சல் கிடையாது அண்ணே"ன்னுச்சு அந்தம்மா. "யாரு தின்னா, எப்பிடித் தின்னான்னு எனக்குத் தெரியாண்டாமா? ஆளு வரணும். மொதல்ல சாதாத் துண்டம் தின்னணும். எலைய நான் பாக்கணும். ஒங்க மொகத்துக்கு ஒரு தடவை வச்சாச்சு, அது முடிஞ்சு போச்சு"ன்னுருச்சு. கறார்னா கறார். செக்கிங் வேலைக்கு வந்திருந்தா அந்தம்மா எனக்கே மேல போயிருக்கும்.

நேத்துப் பொழுதோட வூட்டுக்குப் போனேன். சாரதாமணி அவரைக்காய உரிச்சுட்டு இருந்தா. "அம்மணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்"னு பக்கத்துல உக்காந்தேன். "சொல்லுங்க"ன்னா. "நான் மூணு மாசமா ஒரு மெஸ்ஸுல மீன் கொழம்பு சாப்புட்டுட்டு இருக்கறேன்"னேன். அவ கையி நிக்கவே இல்லைங்க. "தெரியும்"னா.

"எப்படித் தெரியும்? எலுமிச்சம்பழம் தேச்சுக் கழுவிட்டுத்தானே வர்றேன்?"

"உங்க சட்டையத் தோய்க்கறது யாருங்க?"

"தெரிஞ்சும் ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"ன்னேன். அடுத்த அவரைக்காய எடுத்துட்டே சொன்னா, "கேட்டா வெக்கப்பட்டு நிறுத்திப்போடுவீங்க. வாசமாச்சும் வூட்டுக்கு வருதேன்னு இருந்துட்டேன்."

அழுதுட்டனுங்க. அம்பத்திரண்டு வயசுல, அவரைக்காய்க்கு முன்னால உக்காந்து. அவ என்னடான்னா "என்னத்துக்கு இப்ப அழுவாச்சி, தொண்டையில முள்ளு கிள்ளு இருக்குதா"ன்னு வாயத் தொறக்கச் சொல்லி டார்ச் அடிச்சுப் பாக்கறா. மச்சான் அதுக்குள்ள போன் போட்டுச் சொல்லியிருக்கறாரு.

நாளைக்கு சனிக்கெழமை. அவள மெஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கே நோம்பிக்கு எடுத்த சேலைய வெளிய எடுத்து வச்சுட்டா. நாளைக்கு சாதாத் துண்டம். ஞாயித்துக்கெழமை லீவு. திங்கக்கெழமைதான் தலை. அவ எலை செயிக்கோணும், அதுதானுங்க எனக்கு இப்பக் கவலை. இருபத்தாறு வருசம் பழக்கம் விட்டுப் போச்சே, கையி மறந்திருந்தா என்ன பண்றது?

அதனால நாளைக்கு அங்க யாரு யாரு சாப்புடறாங்களோ அவங்களையெல்லாம் பாத்துப் பேசிட்டு இருக்கறேன். இன்னைக்குக் காலையில கோயமுத்தூர் கெளம்பறப்ப டீக்கடையில மாரப்பனப் பாத்தேன். "அக்காவுக்காக ஒரு நாளு விட்டுக் குடுக்கறேண்ணா"ன்னுட்டாரு, தங்கமான மனுசன். பஸ் ஸ்டாப்புல அந்த காலேஜ் புள்ளையப் பாத்தேன், யோசிச்சுச் சொல்றேன்னுது. அந்த டை கட்டின பையன் நம்பரு மட்டும் கெடைக்கலை.

நீங்களும் நாளைக்கு அங்கதான் வருவீங்க, போன்லயே தெரியுது. தாராளமா வாங்க. குழம்பு எத்தனை தடவை வேணும்னாலும் கேளுங்க, ஊத்துவாங்க. மசியல விட்டுராதீங்க. ஆனா, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், அந்த மீன்ல மட்டும் முள்ளுல கொஞ்சம் சதைய விட்டுட்டு எந்திரிச்சுருங்க.